கிராம்புத் தைலமும் சிகாமணியின் கடைவாய்ப் பல்லும்

கொஞ்சம் சன்னல் பக்கமா நகர்ந்து உட்காருங்க சாரே. பையை நான் மடியிலேயே வைத்துக்கொள்கிறேன். உள்ளே எல்லாம் கண்ணாடிக் குப்பி. மூக்கைச் சுளிக்க வேண்டாம், கிராம்புத் தைலம்தான். முதல் பத்து நிமிஷம் உச்சந்தலை வரைக்கும் ஏறும். அப்புறம் நீங்களே கேட்பீங்க, மணம் எங்கே போச்சு என்று. மணம் எங்கேயும் போகாது. மூக்கு மரத்துப்போகும். அதுதான் இதனுடைய குணம்.

நீங்கள் எதுவரைக்கும்? களியக்காவிளையா? நல்லது. நான் சுவாமியார்மடத்தில் இறங்கணும். அங்கே ரோட்டோரத்திலேயே ஒரு வீடு. நாலு மணிக்கு ஜெபக்கூட்டம், செத்துப்போனவனுக்கு ஓராண்டு நினைவு. ஞானசிகாமணி என்று பெயர். வடசேரி ஸ்டாண்டுச் சுவரில் ஒட்டியிருந்தார்களே, கோட்டுப் போட்ட ஃபோட்டோ, பார்த்திருப்பீங்க. அந்தக் கோட்டு கம்ப்யூட்டரில் போட்டது. சிகாமணி ஆயுசில் கோட்டுப் போட்டதில்லை. முகம் மட்டும் அவனுடையது. அதுவும் ரெண்டு கன்னமும் ஒரே மாதிரி இருக்கிற முகம். அப்படியொரு முகத்தோடு நான் அவனை அதிகமாகப் பார்த்ததில்லை.

வீட்டுக்குள் என்னை விடுவார்களா என்பதுதான் சங்கதி. அவன் பெண்டாட்டி தங்கநேசம் ஆள் மூலமாகச் சொல்லி விட்டிருக்கிறாள். 'வரட்டும். வந்து எல்லாருக்கும் முன்னே எழும்பி நிண்ணு சொல்லட்டும். அவன் என் ஆளு, ஆஸ்பத்திரிக்குப் போணும்னு கேட்டான், நான் விடல்லேன்னு. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிப்போட்டு எங்க வீட்டுல இருந்து சாப்பிடட்டும். இல்லேன்னா நடைப்படி மிதிக்கப்பிடாது.' இதுதான் அவள் சொன்னது. ஒரு வார்த்தையாம். நான் எண்ணிப் பார்த்தேன், மூன்று வார்த்தை இருக்கிறது. முதல் வார்த்தை மெய். ரெண்டாவது பாதி மெய். மூன்றாவது சுத்தப் பொய். ஒரு பொய்யைச் சொன்னால்தான் இலை போடுவேன் என்றால் அது என்ன நியாயம்? நீங்கள் படித்தவர், கேட்டுவிட்டுச் சொல்லுங்க.

ஆனால் தைலத்தைப் பற்றித் தெரியாமல் இதைச் சொன்னால் உங்களுக்கு விளங்காது.

எண்ணெய் என்றால் தண்ணீர் மேலே மிதக்கணும், இல்லையா? இது மிதக்காது. தண்ணீரில் விட்டால் குண்டு குண்டாக அடியில் போய் உட்காரும். கள்ளத் தைலத்துக்கும் நல்ல தைலத்துக்கும் அதுதான் சோதனை. மாறாமலை எஸ்டேட்டில் கிராம்பு மொட்டைக் கிள்ளிக் காயப்போட்டு வியாபாரிக்குக் கொடுத்துவிடுவார்கள். நமக்கு மொட்டு கட்டுப்படியாகாது. மரத்தடியில் உதிர்ந்து கிடக்கிற இலை, மொட்டுக் காம்பு, அதைக் கூட்டி அள்ளிச் சாக்கில் கொண்டு வந்து, செம்பு அண்டாவில் அவித்து, ஆவியைக் குழாய் வழியாகக் குளிர்ந்த தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கினால் சொட்டுச் சொட்டாக விழும். வண்டியில் சொல்லும்போது மொட்டு என்றுதான் சொல்வேன். இலை என்றால் யாருக்கும் மரியாதை வராது.

பல்வலிக்குப் பஞ்சில் ஒரு சொட்டு. அது உலகத்துக்கே தெரியும். மற்றது தெரியாது. எறும்பு வரிசையில் ஒரு கோடு இழுங்க, தாண்டாது. சுவரில் பூஞ்சணம் பிடித்தால் துடைங்க, மறுபடி வராது. தெர்மாகோல் மேலே ஒரு துளி விட்டுப் பாருங்க, ஓட்டை போட்டுக்கொண்டு இறங்கும். அதனால்தான் எப்போதும் கண்ணாடிக் குப்பி. அப்புறம் மீன். வாளித் தண்ணீரில் ஒரு விராலை விட்டு, மூன்று சொட்டைக் கலக்கி ஊற்றினால் மல்லாந்து மிதக்கும். செத்துப்போச்சு என்று எல்லாரும் சொல்வார்கள். வேறு வாளியில் நல்ல தண்ணீருக்கு மாற்றினால் ரெண்டு நிமிஷத்தில் வாலை ஆட்டும். தக்கலைச் சந்தையில் இந்த வித்தையை நான் ரொம்ப நாள் காட்டியிருக்கிறேன். ஒரு நாள் கை தவறி ஏழெட்டுச் சொட்டு விழுந்துவிட்டது. எத்தனை வாளி மாற்றியும் விரால் எழும்பவில்லை. கூட்டத்தில் ஒருத்தர், 'வைத்தியரே, மீனுக்குப் பல்வலி பூரணமாப் போயிட்டு' என்றார். அன்றோடு அதை விட்டேன்.

பேச்சிப்பாறை அணையில் ஒரு முதலைக்குப் பல்வலி வந்த கதையும் உண்டு. கரையில் வந்து வாயைத் திறந்துகொண்டு கிடந்தது, கண்ணில் தண்ணீர். நான் தென்னம்பஞ்சை மூங்கிலில் கட்டித் தைலத்தில் தோய்த்துக் கடைவாயில் வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து வாயை மெல்ல மூடி, என்னை ஒரு பார்வை பார்த்து, தண்ணீருக்குள் போனது. மறு வருஷம் அதே இடத்தில் என் செருப்பு அணைக்குள் விழுந்தபோது கவ்விக்கொண்டு வந்து கரையில் வைத்தது. சிரிக்கிறீங்க. முதலை பொய்தான் சாரே. செருப்பு மெய். சிரிக்காதவன் குப்பி வாங்க மாட்டான், அதனால் முதலையை வைத்திருக்கிறேன். சிகாமணி பொய்யில்லை. அவன் மேல் நான் ஒரு சொல் கூட்டிச் சொன்னதில்லை.

பதினோரு வருஷம் அவன் என்னோடு தொழில் பார்த்தான். எப்படித் தெரியுமா? நான் வடசேரியில் ஏறுவேன். 'பயணம் செய்யும் பெரியோர்களே, தாய்மார்களே' என்று ஆரம்பித்து முதலையை அவிழ்த்துவிடுவேன். வண்டி சுங்கான்கடையில் நிற்கும்போது ஒருத்தன் ஏறுவான். கன்னம் புடைத்திருக்கும். துண்டை நாடியோடு சேர்த்து உச்சந்தலையில் கட்டியிருப்பான். மூன்றாவது வரிசையில் வந்து விழுவான். 'ஐயோ அம்மோ' என்று சத்தம் போடுகிற சாதி இல்லை அவன். சும்மா கண்ணை மூடி, சன்னல் கம்பியில் நெற்றியை வைத்து, மூச்சை விடுவான். அந்த மூச்சைக் கேட்டாலே பக்கத்தில் இருப்பவருக்குப் பல் கூசும். அவர்களே என்னைக் கூப்பிடுவார்கள். 'வைத்தியரே, இந்தப் பாவத்துக்கு ஒரு சொட்டு விடுமேன்.' நான் வேண்டா வெறுப்பாகப் போவேன். வாயைத் திற என்பேன். பஞ்சை வைப்பேன். எண்ணி ஐம்பது வரைக்கும் பேசாமல் நிற்பேன். அப்புறம் துண்டை அவனே அவிழ்ப்பான். கன்னம் வற்றியிருக்கும்.

எப்படி வற்றியது என்று கேளுங்க. கொட்டைப்பாக்கு. முழுசாக ஒன்றைக் கடைவாய்க்கும் கன்னத்துக்கும் நடுவில் ஒதுக்கிக்கொள்வான். நான் பஞ்சு வைக்கும்போது பாக்கை நாக்கால் தள்ளி என் விரலிடுக்கில் விடுவான். எந்தக் கண்ணும் பிடிக்க முடியாது. அவன் வாயில் வைத்தது தேங்காய் எண்ணெய்தான். நல்ல தைலத்தை வலியில்லாத வாயில் வீணாக்குவானேன்?

எங்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. வண்டிக்குள் அவன் யாரோ, நான் யாரோ. சிரிக்கக் கூடாது, தெரிந்த மாதிரிப் பார்க்கக் கூடாது, ஃபோன் அடித்தால் எடுக்கக் கூடாது. வள்ளியூர்ப் பக்கம் ரெண்டு பேர் இப்படிப் பல்பொடி விற்றார்கள். ஒரு நாள் ஒருத்தன் மறந்துபோய், 'மச்சான், தண்ணி இருக்கா?' என்று கேட்டுவிட்டான். அவ்வளவுதான், வண்டியை நிறுத்தி இறக்கி வைத்து அடித்தார்கள். அதில் ஒருத்தனுக்கு இன்றைக்கும் ஒரு காது கேட்காது. அதனால் நாங்கள் கண்டிப்பு. அழகியமண்டபத்தில் அவன் இறங்குவான், மார்த்தாண்டத்தில் நான் இறங்குவேன். அடுத்த வண்டியில் அவன் வந்து சேர்வான். ஒரு டீக்கடை, ஒதுக்கமாக. அங்கேதான் பேச்செல்லாம். ஒரே வடையை ரெண்டாகப் பிட்டுத் தின்கிறவர்கள் சாரே நாங்கள். அவன் மகள் ஜெபமலர் என்னை மாமா என்றுதான் கூப்பிடும். அவள் பெரியவளானபோது நான்தான் வெள்ளிக் கொலுசு போட்டேன். சும்மா கூட்டாளி இல்லை என்பதற்குச் சொல்கிறேன்.

போன வருஷம் மாசி மாசம். வழக்கம்போல ஏறினான், உட்கார்ந்தான், கம்பியில் நெற்றி வைத்தான். நான் பஞ்சோடு போய் விரலை உள்ளே விட்டேன். பாக்கு வரவில்லை. 'துப்புலே' என்று பல்லுக்குள்ளேயே சொன்னேன். அவன் உதடு அசையாமல் சொன்னான்: 'அண்ணாச்சி, இண்ணைக்குப் பாக்கு வைக்கல்லே.'

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. விரலால் தடவிப் பார்த்தால் ஈறு கல் மாதிரி வீங்கிக் கிடக்கிறது. கீழ்க் கடைவாய், பாக்கு ஒதுக்குகிற அதே இடம். எத்தனை இடம் இருக்கிறது வாயில், அந்த இடத்திலா வரணும்? விதி என்பது இதுதான். நான் இன்றைக்கு வரைக்கும் யோசித்துப் பார்க்கிறேன், அந்த இடத்துக்கு எப்படி வந்தது என்று. பிடிபடவில்லை.

சரி, வலி என்று வந்தபிறகு தேங்காய் எண்ணெய் விட முடியுமா? நான் அவ்வளவு பாவி இல்லை. விற்கிற குப்பியையே உடைத்து நல்ல தைலம் வைத்தேன். சாரே, அன்றைக்குத்தான் நான் என் தைலத்தைக் கண்ணால் பார்த்தேன். ரெண்டு நிமிஷத்தில் அவன் முகம் அப்படியே இளகிக் கண்ணீர் பொலபொலவென்று விழுந்தது. பதினோரு வருஷத்தில் அவனுக்கு அழ வந்ததில்லை, எவ்வளவோ சொல்லிக் கொடுத்தும். அன்றைக்கு அழுதான். வீக்கம் வற்றவில்லை, ஆனால் அந்தக் கண்ணீருக்கு முன்னால் வீக்கத்தை யார் பார்த்தார்கள்? பை காலி. தக்கலை தாண்டுவதற்குள் காலி.

டீக்கடையில் சொன்னான்: 'அண்ணாச்சி, நாளைக்கு ஒருநாள் விடுங்க. பல்லைப் பிடுங்கிட்டு வந்துடுதேன்.'

நான் என்ன சொல்ல முடியும்? நீங்களே யோசிங்க. பல்லைப் பிடுங்கிவிட்டால் அப்புறம் எதை வலிக்கச் சொல்வது? வாயைத் திற என்று நான் சொல்லும்போது அக்கம்பக்கத்தில் நாலு பேர் எட்டிப் பார்ப்பார்கள். அங்கே ஓட்டை இருந்தால்? 'பல்லு இல்லாத எடத்துலயாடே பல்லுவலி?' என்று கேட்க மாட்டார்களா? இதைச் சொன்னேன். அவனே சிரித்தான். ஒரு பக்கமாகச் சிரித்தான். 'அதுஞ் செரிதான்' என்றான். அவனே சொன்னது, சரிதான் என்று. தங்கநேசத்தின் மூன்றாவது வார்த்தை பொய் என்று நான் சொல்வது இதனால்தான்.

அதற்குப் பிறகு ஒரு குப்பியை அவன் சட்டைப்பையிலேயே கொடுத்துவிட்டேன். காலையில் ஒரு பஞ்சு, வண்டியில் ஒரு பஞ்சு, ராத்திரி ஒன்று. வலி என்று வாய்விட்டுச் சொல்வதற்கு முன்னாலேயே தைலம். மூன்று வாரம் ஓடியது. ஈறு வெந்து வெள்ளையாகப் போய்விட்டது. சோறு சூடா ஆறினதா என்று தெரியவில்லை என்றான். ஒருநாள் கன்னத்தை உள்ளே கடித்து ரத்தம் வடிந்துகொண்டிருக்கிறது, அவனுக்குத் தெரியவே இல்லை, நான்தான் துடைத்துவிட்டேன். தைலம் அப்படி. என் கையால் அவித்தது. வேறு எவன் தைலமாவது அப்படி வேலை செய்யுமா?

தங்கநேசம் ஒரு தடவை கேட்டாள். அப்போதெல்லாம் மரியாதையாகத்தான் பேசுவாள். 'அண்ணாச்சி, வலி இல்லேங்காவ. ஆனா வீக்கம் நாடிக்குக் கீழ எறங்கிட்டே இருக்கே, இது என்னது?' நான் சொன்னேன், 'எறங்குதுல்லா? எறங்கினா நல்லது. எறங்கி அப்படியே போயிரும்.' நான் வைத்தியன் இல்லையா? தகப்பன் வைத்தியன், பாட்டன் வைத்தியன். பாட்டன் குதிரைக்கு வைத்தியம் பார்த்தவர், அது வேறு விஷயம்.

பங்குனியில் அவர்கள் ஊர்க் கோவில் திருவிழா. பத்து நாள் வண்டி பிதுங்கும். நான் சொன்னேன்: 'சிகாமணி, திருவிழா முடியட்டும். மறுநாள் காலையில் நானே உன்னை நாகர்கோவிலுக்குக் கூட்டிட்டுப் போறேன். பல்லை எடுத்திருவோம். அப்புறம் நீ தலைவலிக்காரனா ஏறு, நான் நெற்றியில் தடவுகேன்.' எவ்வளவு யோசித்து வைத்திருந்தேன் பாருங்க. யாராவது இப்படி யோசிப்பானா?

எட்டாம் நாள் காலையில் ஜெபமலர் எனக்கு ஃபோன் போட்டாள். அந்தப் பிள்ளை மார்த்தாண்டத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நிற்கிறது, சூட்டிகையான பிள்ளை. 'மாமா, அப்பாக்கு நாக்கு மேல எழும்பி நிக்கி. எச்சி விழுங்க முடியல்லே. துண்டுல வடியுது. பேச்சே கொழகொழன்னு வருது. இண்ணைக்கு விட்டுருங்க மாமா.' நான் சொன்னேன், 'மக்களே, இண்ணைக்கு ஒரு நடை மட்டும். சாயங்காலம் நானே கூட்டிட்டுப் போறேன்.' சாயங்காலம் என்றால் இல்லை என்று அர்த்தமா சாரே? எந்த அகராதியில் அப்படி இருக்கிறது? விடல்லே, விடல்லே என்கிறாளே தங்கநேசம். விட மாட்டேன் என்ற சொல் என் வாயிலிருந்து வந்ததே இல்லை.

வந்தான். சொன்னால் வருகிறவன்தானே. சுங்கான்கடையில் ஏறி, வழக்கமான வரிசையில் உட்கார்ந்தான். கழுத்து இருந்த இடம் தெரியவில்லை. நாடியிலிருந்து நெஞ்சு வரைக்கும் ஒரே சதை, சிவந்து மினுமினுவென்று இருந்தது. அன்றைக்கு நெற்றியைக் கம்பியில் வைக்கவில்லை. நிமிர்ந்து, முன்னால் குனிந்து, மறுபடி நிமிர்ந்து, ஒரு மாதிரி இருந்தான். மூச்சில் விசில் மாதிரிச் சத்தம். நான் அப்போது முதலை வாயைத் திறந்த இடத்தில் இருந்தேன், ஒருத்தரும் சிரிக்கவில்லை.

பஞ்சோடு போனேன். வாய் திறக்கவில்லை. விரல் நுழைகிற அளவுக்கு மட்டும் திறந்தது. நாக்கு அண்ணத்தோடு ஒட்டிக் கிடந்தது. நான் பஞ்சை உதட்டுக்குள் வைத்தேன். அவன் தலையை ஆட்டினான். தொண்டையைக் காட்டினான். கையை வைத்து ஊதுகிற மாதிரி, காற்று வேணும் என்கிற மாதிரிக் காட்டினான். அப்புறம் என்னைப் பார்த்துக் கைகூப்பினான்.

அந்தக் கைகூப்பல் நான் சொல்லிக் கொடுத்ததில்லை. நல்லா இருந்தது. நான் நினைத்தேன், பையன் தேறிவிட்டான், இன்றைக்குப் புதுசாக எதையோ சேர்க்கிறான் என்று. பதினோரு வருஷமாக வலியில்லாமல் வலிக்கிற மாதிரிச் செய்தவன் சாரே. எந்தக் கணத்தில் மாறியது என்று எனக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வேறு.

பின்னால் இருந்த ஒரு அம்மா, ஆசிரியை மாதிரி இருந்தார்கள், எழுந்து வந்தார்கள். 'இது பல்லுவலி இல்லே, இவருக்கு மூச்சு முட்டுது. ஐயா, உங்களுக்குத் தெரிஞ்சவரா இவரு?' என்று கேட்டார்கள். நான் சொன்னேன், 'தெரியாதும்மா. வலின்னு சொன்னாங்க, பாத்தேன்.'

கண்டக்டர் விசிலடித்து வண்டியை நிறுத்தினார். தக்கலைக்கு உள்ளே, கோர்ட்டு தாண்டி. 'ஓய், நீரு தினமும் வாறவருதானே, இந்த ஆளும் தினமும் ஏறுதாரு. உமக்குக் கூட்டா?' என்றார். சுற்றிலும் முகங்கள். எனக்கு வள்ளியூர்க்காரன் காதுதான் ஞாபகம் வந்தது. 'ஆரோ எவரோ, எனக்கு எப்படித் தெரியும்?' என்றேன்.

சிகாமணிக்குக் காது நன்றாகக் கேட்கும். என்னைப் பார்த்தான். அவன் நினைத்திருந்தால் கையை நீட்டி என்னைக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. பார்வையை எடுத்துச் சன்னல் பக்கம் வைத்துக்கொண்டான். அதுதான் தொழில் சுத்தம். அவனை மாதிரி ஒருத்தன் இனிமேல் கிடைக்க மாட்டான்.

நாலு பேர் தூக்கி இறக்கி ஆட்டோவில் போட்டார்கள். வண்டி புறப்பட்டது. நான் வண்டியில்தான் இருந்தேன். எங்கே போவேன்? டிக்கெட் மார்த்தாண்டம் வரைக்கும். பயந்துபோன சனம், ஆளுக்கு ஒரு குப்பி கேட்டது. கேட்டதைக் கொடுக்காமல் இருக்க முடியுமா?

அழகியமண்டபம் வரும்போது ஃபோன் அடித்தது. அவன் நம்பர். சட்டப்படி எடுக்கக் கூடாது. ஆனால் எடுத்தேன், அதையும் சொல்லுங்க, எடுத்தேன். ஆட்டோக்காரன் பேசினான். 'இந்த ஃபோன்ல தைலம்னு ஒரு நம்பர்தான் மேல கெடக்கு. நீங்க ஆரு? இவருக்கு வேண்டப்பட்டவங்களா? ஆஸ்பத்திரில கையெழுத்துப் போட ஆளு வேணுமாம், கழுத்துல கீறிக் கொழாய் வைக்கணுமாம், ஒடனே வரணும்.' வண்டியில் எல்லாரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்தில் அந்த ஆசிரியை அம்மா. நான் சொன்னேன், 'ராங் நம்பர்.'

அவ்வளவுதான் நடந்தது. மற்றதெல்லாம் ஆஸ்பத்திரிக்காரன் செய்தது. தங்கநேசத்தைத் தேடிப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வர ஒரு மணி நேரம். அதுவரைக்கும் அவர்கள் என்ன பார்த்துக்கொண்டா இருப்பார்கள்? கையெழுத்து என்ன பெரிய கையெழுத்து? வைத்தியம் தெரிந்தவன் கையெழுத்துக்குக் காத்திருப்பானா? இதைத்தான் நான் கேட்கிறேன், ஒருத்தரும் பதில் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

நான் டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். அஞ்சு மணி வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். வடையைப் பிட்டு வைத்திருந்தேன், வருவான் என்று.

அடக்கத்துக்குப் போனேன். தங்கநேசம் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தாள். அழவில்லை. அந்த ஃபோனைக் கையில் வைத்திருந்தாள். அதுவரைக்கும் அண்ணாச்சி, நீங்க. அன்றைக்கு நீரு. 'ஒரு அம்மை கேட்டாவளாம், கண்டக்டர் கேட்டாராம், ஆட்டோக்காரர் கேட்டாராம். மூணு பேர்ட்டயும் தெரியாதுன்னு சொன்னீரு. இப்பம் எதுக்கு வந்தீரு? இங்க கெடக்கவரை உமக்குத் தெரியுமா?' என்று கேட்டாள். மெதுவாகத்தான் கேட்டாள். ஆனால் பாதிரியார் ஜெபத்தை நிறுத்திவிட்டார்.

நான் திரும்பி வந்துவிட்டேன்.

அன்றிலிருந்து ஒரு குப்பி விற்கவில்லை சாரே. அண்டா கவிழ்ந்து கிடக்கிறது. ஆனால் தினமும் வடசேரியில் ஏறுகிறேன், பையோடு. பழக்கம். சுங்கான்கடையில் வண்டி நிற்கும்போது வாசலைப் பார்க்கிறேன். அதுவும் பழக்கம். இந்த வழியாகத்தான் போய் வருகிறேன், ஒரு வருஷத்தில் ஒரு நாள்கூடச் சுவாமியார்மடத்தில் இறங்கினதில்லை. இன்றைக்கு இறங்கணும் என்று வெள்ளை வேட்டி கட்டி வந்திருக்கிறேன்.

அந்த வார்த்தையை என்னால் சொல்ல முடியாது. பொய் என்பதால் சொல்ல முடியாது. அதனால் ஒரு யோசனை வைத்திருக்கிறேன், தப்பாக நினைக்கக் கூடாது. உங்கள் முகம் நல்ல முகம். வடசேரியிலேயே கவனித்தேன், கண்டவர்களை விட்டுவிட்டு உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது அதனால்தான். பத்து நிமிஷ வேலை. என்னோடு இறங்குங்க. சேர்ந்து வர வேண்டாம், பின்னால் வந்து ஒரு நாற்காலியில் உட்காருங்க. பாட்டு முடிந்ததும் எழுந்து நில்லுங்க. நான் அன்றைக்கு அந்த வண்டியில் இருந்தேன், இந்தப் பெரியவர்தான் அவர் தலையைத் தாங்கிப் பிடித்தார், தண்ணீர் கொடுக்கப் பார்த்தார், ஆட்டோவைக் கையைக் காட்டி நிறுத்தினார். இவ்வளவுதான். மடமடவென்று சொல்லக் கூடாது. முதலில் தொண்டையைச் செருமணும். தண்ணீர் என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்தணும். என்னைப் பார்க்கவே கூடாது. மற்றவர்கள் அழுதால் நீங்கள் தலையைக் குனிந்துகொண்டால் போதும்.

ஏன் தலையாட்டுறீங்க? யாருக்கு நஷ்டம்? செத்தவன் எழுந்து வந்து இல்லை என்று சொல்லப் போகிறானா? அவன் இருந்தால் அவனே செய்வான். இதைவிடப் பெரிய காரியமெல்லாம் செய்திருக்கிறான் எனக்காக.

சரி, வேண்டாம். உங்களுக்குப் பழக்கமில்லை. நான் பார்த்துக்கொள்கிறேன். நானே போய் ஏதாவது சொல்கிறேன், வாயில் வருவதைச் சொல்கிறேன். எனக்கா பேசத் தெரியாது?

அந்தப் பந்தல்தான், நீலத் துணி. நாற்காலி நிறையப் போட்டிருக்கிறார்கள். இவ்வளவு சனமா? மைக் வேறு வைத்திருக்கிறார்கள். வாசலில் நிற்கிறாளே வெள்ளைச் சேலை, அவள்தான் தங்கநேசம். மெலிந்துபோனாள். ஒவ்வொரு வண்டியாகப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள் போல.

இருங்க கண்டக்டரே, இறங்கத்தான் போகிறேன். கால் மரத்துவிட்டது. பை கனம்.

ஒரு பிள்ளை ஓடி வருகிறது பாருங்க, ரோட்டைக் கடந்து. உங்கள் சன்னலுக்குத்தான் வருகிறது.

'மாமா. தாணு மாமா. எறங்குங்க. அம்மை உங்களைத்தான் பாத்துட்டு நிக்கா. காலத்தே இருந்து நிக்கா. ஒண்ணும் சொல்லாண்டாம் மாமா, அம்மை சொல்லியாச்சு, ஒண்ணும் சொல்லாண்டாம். வந்து இருந்தா போதும்.'

யாரு மக்களே நீ? எனக்குப் பிடிபடல்லியே. ஆளு மாறிப்போச்சு, போ பிள்ளே, வண்டி எடுக்கப்போறான், சக்கரத்துக்கிட்ட நிக்காதே.

கண்டக்டரே, விசிலடிங்க. களியக்காவிளைக்கு ஒரு டிக்கெட் போட்டுக் கொடுங்க.

அந்தச் சன்னல் ஷட்டரைக் கொஞ்சம் இறக்குங்க சாரே, வெயில் முகத்தில் அடிக்கிறது. நல்லா இறக்குங்க, அடி வரைக்கும். இல்லை சாரே, தெரியாது. இந்த ஊரில் எனக்கு யாரையும் தெரியாது. யாரையோ நினைத்துக் கூப்பிடுது, பாவம்.